தொப்பூரில் தொடங்கிய 1,000 ரூபாய் திட்டம்: உங்கள் வீட்டைப் பற்றி அரசுக்கு எவ்வளவு தெரியும்?

2023 ஜூலை 24. தருமபுரி மாவட்டம் தொப்பூரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்குத் தொப்பூர் என்றால் கணவாயும் விபத்துச் செய்திகளும்தான் நினைவுக்கு வரும். அன்று அந்த ஊர் வேறு ஒரு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்கில்.

பணத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் நடந்த பெரிய தகவல் சேகரிப்புகளில் ஒன்றும் அன்றுதான் தொடங்கியது. மாநிலம் முழுக்கச் சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். ஆதார் எண், ரேஷன் அட்டை எண், போன் நம்பர், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எண், நிலம், வண்டி, வருமானம் என்று ஒரு குடும்பத்தின் மொத்த ஜாதகமும் ஒரே படிவத்தில் சேர்ந்தது.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? நம் போனில் இருக்கும் ஆப்கள் இதைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கின்றனவே? அரசு தெரிந்துகொள்வதற்கும் அவை தெரிந்துகொள்வதற்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சான்றிதழே கேட்கவில்லை, எப்படிச் சரிபார்த்தார்கள்?

முகாமுக்குப் போனவர்கள் நிம்மதியாகச் சொன்ன விஷயம் இது: "ஒரு ஜெராக்ஸ்கூட கேக்கலை." வருமானச் சான்றிதழ் வேண்டாம், ஆவண நகல்களை இணைக்க வேண்டாம் என்று அரசே அறிவித்திருந்தது. ரேஷன் கடை ஊழியர்கள் வீட்டுக்கே வந்து டோக்கனும் படிவமும் கொடுத்தார்கள். முகாமில் விரல்ரேகைக் கருவியில் விரல் வைத்தால் அடையாளச் சரிபார்ப்பு முடிந்தது.

ஆனால் தகுதி நிபந்தனைகள் நிறைய. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர் இருக்கக் கூடாது. அரசு ஊழியர், தொழில்வரி கட்டுபவர், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டும் தொழில் உரிமையாளர் ஆகியோரின் குடும்பங்களுக்குக் கிடையாது.

சான்றிதழ் இல்லாமல் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? பதில் எளிது. அந்தத் தகவல்கள் ஏற்கெனவே அரசுத் துறைகளின் கணினிகளில் இருக்கின்றன. மின்வாரியத்துக்கு யூனிட் தெரியும். போக்குவரத்துத் துறைக்கு வண்டி தெரியும். வருவாய்த் துறைக்குப் பட்டா தெரியும். உணவு வழங்கல் துறைக்கு வீட்டில் எத்தனை பேர் என்று தெரியும். தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒரே நூலில் கோர்க்க ஆதார் எண்ணும் ரேஷன் அட்டை எண்ணும் போதும். இதைத்தான் தரவு இணைப்பு என்கிறார்கள். கணினிச் சரிபார்ப்போடு களஆய்வும் நடந்தது. கடைசியில் சுமார் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது.

அதாவது, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் முதல் சுற்றில் நின்றுபோயின.

இதில் நல்லது இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. ஒரு வருமானச் சான்றிதழ் வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு "கவனிக்க" வேண்டும் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 15.06 லட்சம். அதில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறார்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு வந்துபோவதே ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. அந்த அலைச்சல் இல்லாமல் பணம் கணக்குக்கு வருவது சாதாரண விஷயமல்ல. நடுவில் யாரும் கை வைக்க முடியாது, வசதியானவர்கள் ஏழைகளின் பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் அரசுத் தரப்பின் நியாயமான வாதம்.

பிரச்சினை அரசு தகவல் கேட்பதில் இல்லை. தகவல் தப்பாக இருந்தால் என்ன ஆகும், ஒரு வேலைக்குக் கொடுத்த தகவல் வேறு எதற்கெல்லாம் போகும், கசிந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

கணினி தப்பாகச் சொன்னால்?

தருமபுரியிலேயே யோசித்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் மானாவாரி நிலம். ராகி, சாமை, மா என்று மழையை நம்பிய புன்செய். தாத்தா பெயரில் இருந்த நிலம், அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். ஆளுக்கு மூன்று ஏக்கர்தான் அனுபவத்தில். ஆனால் பட்டாவின் மொத்தப் பரப்பைக் கணினி ஒரே வீட்டின் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த வீடு 12 ஏக்கர் வைத்திருக்கும் "வசதியான" வீடு.

ஒரே மீட்டரில் மூன்று வாடகைக் குடித்தனம் இருந்தால் யூனிட் ஏறும். இரண்டு வருடத்துக்கு முன்னால் விற்ற பழைய காரின் ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், கணினியைப் பொறுத்தவரை கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனின் பெயர் பழைய ரேஷன் அட்டையிலேயே இருந்தால், அவருடைய பெங்களூரு சம்பளம் அம்மாவின் வருமானமாகிவிடும்.

இவற்றில் எதிலும் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்று, கோப்பு சொல்வது வேறொன்று. இரண்டில் எதை நம்புவது என்று வரும்போது பொதுவாகக் கோப்புதான் ஜெயிக்கும்.

இந்தத் திட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிராகரிப்புக்கான காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம், வருவாய் கோட்டாட்சியர் விசாரிப்பார் என்றார்கள். பல மாநிலங்களின் திட்டங்களில் இந்த அளவுகூட இல்லை. ஆனால் குறுஞ்செய்தி வருவது படிவத்தில் கொடுத்த நம்பருக்கு. அந்த போன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன கணவரிடம் இருந்தால்? மேல்முறையீட்டில் நிரூபிக்கும் வேலையும் விண்ணப்பித்தவருடையதுதான். சான்றிதழ் அலைச்சல் போகவில்லை. முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கிறது, அதுவும் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்.

தெலங்கானாவிலும் நெதர்லாந்திலும் நடந்தது என்ன?

இது கற்பனைப் பயம் அல்ல. பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

தெலங்கானா அரசு "சமக்ர வேதிகா" என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. பல துறைகளின் தகவல்களைச் சேர்த்து, யார் ஏழை, யார் ஏழை இல்லை என்று முடிவு சொல்லும் அமைப்பு அது. ரேஷன் அட்டைகளைச் சரிபார்க்கவும் இது பயன்பட்டது. சுமார் 19 லட்சம் அட்டைகள் ரத்தாகின. பலருக்கு முன்கூட்டி நோட்டீஸ்கூட வரவில்லை. ஐதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரைக் கார் உரிமையாளர் என்று கணினி சொன்னது. கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொருவரிடம் கார் இருந்ததுதான் காரணம். அவருடைய குடும்பத்துக்கு மானிய விலை அரிசி இல்லாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரத்தான அட்டைகளைக் களத்துக்குப் போய் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நெதர்லாந்து பணக்கார நாடு. அங்கேயும் இதே கதை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோரில் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க வரித்துறை ஒரு கணினி முறையை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அதில் சந்தேக மதிப்பெண் கூடுதல். பல்லாயிரம் பெற்றோர்கள் தவறாக மோசடிக்காரர்கள் ஆக்கப்பட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். வீடு இழந்தவர்கள், கடனில் மூழ்கியவர்கள் ஏராளம். விவகாரம் வெடித்து, 2021 ஜனவரி 15 அன்று மார்க் ரூட்டே அரசே ராஜினாமா செய்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 பிப்ரவரி 5 அன்று, ஹேக் நகர நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு கொடுத்தது. பல துறைகளின் தகவல்களைக் கோர்த்து நலத்திட்ட மோசடியைக் கண்டுபிடிக்கும் "சிரி" என்ற அமைப்பு தனிமனித அந்தரங்கத்தை மீறுகிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதே மக்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லி அதை நிறுத்தியது. மோசடியைப் பிடிப்பது தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. யாருக்கும் புரியாத ஒரு பெட்டிக்குள் வைத்து மக்களை எடைபோடாதே என்றுதான் சொன்னது.

ஒரு வேலைக்குக் கொடுத்தது எங்கெல்லாம் போகும்?

தமிழ்நாட்டிலும் துறைகளின் தகவல்களை ஒன்றுசேர்க்கும் வேலை நடக்கிறது. மாநிலக் குடும்பத் தரவுத்தளம் என்ற திட்டத்தை தமிழ்நாடு மின்னாளுமை முகமை கையில் எடுத்தது. ஒவ்வொருவருக்கும் "மக்கள் ஐடி" என்ற தனி எண் தரப்படும் என்று 2022-ல் செய்திகள் வெளியாயின. ஒரு தடவை தகவல் கொடுத்தால் போதும், ஒவ்வொரு திட்டத்துக்கும் திரும்பத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டாம் என்பது இதன் நல்ல பக்கம். ஒரு தடவை கொடுத்தது எல்லா இடத்துக்கும் போகும் என்பது மறுபக்கம்.

நலத்திட்டம் வாங்குகிறவர் மீதான கண்காணிப்பு இத்துடன் முடியவில்லை. 100 நாள் வேலைக்குப் போனவர்களின் வருகையை, இடம் பதிவாகும் புகைப்படத்தோடு ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆப்பில் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலையிடங்களுக்கும் கட்டாயமானது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடியில் சத்துணவுப் பொருள் வாங்க முக அடையாளச் சரிபார்ப்பு 2025 ஜூலையில் கட்டாயமானது. ரேஷன் கடையில் விரல். விரல் விழவில்லை என்றால் கண். மண்ணிலும் கல்லிலும் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு அந்தக் கருவியின் சிவப்பு விளக்கு பழக்கமான ஒன்று.

ஐ.டி. அலுவலகத்தில் ஸ்வைப் கார்டு வைத்து உள்ளே போகும் ஒருவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் அந்த கார்டை ஒரு சம்பளத்துக்காக வைக்கிறார். பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனி. ஒரு ஆப் அளவுக்கு மீறி அனுமதி கேட்டால் அதையும் டெலிட் செய்துவிடலாம். ரேஷன் கடைக்கு மாற்றுக் கடை கிடையாது. தனியார் ஆப்புக்கும் அரசுத் தரவுத்தளத்துக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இது.

கசிந்தால்?

2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் திட்டப் பயனாளிகள் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் ஒரு தளத்தில் ஏற்றப்பட்டிருப்பதாக டெக்னிசாங்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. ஆதார் எண், முகவரி, குடும்ப உறவு போன்ற விவரங்கள் அதில் இருந்தன.

2023 ஜூனில், கோவின் தளத்தில் தடுப்பூசிக்காகக் கொடுத்த விவரங்கள் டெலிகிராமில் ஒரு பாட் வழியாகக் கிடைத்தன. போன் நம்பரைப் போட்டால் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள எண் வந்தது. கோவின் தரவுத்தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என்று மத்திய அரசு சொன்னது. பிறகு கைது நடவடிக்கையும் இருந்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது. ஒரு பயனர் கணக்கின் பாஸ்வேர்டு வழியாக நுழைந்ததாகக் காவல்துறை விளக்கம் அளித்தது.

கசிந்தால் என்ன நஷ்டம்? 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை கணக்கில் ஏறத் தொடங்கியதுமே, "உங்களுக்கு ஆயிரம் ரூபாய் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்ற மாதிரியான அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியிருந்தது. பெயர், ஊர், ரேஷன் கடை, வீட்டில் யார் யார் என்று சரியாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகை போனால் வேறு விரல் வைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் யார் பக்கம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தரங்கத்தில் அரசு கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்று அளவுகோல் வைத்தது.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான், நடைமுறைக்கு வரும். தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். இவை நல்ல அம்சங்கள்.

ஆனால் அரசு என்று வரும்போது சட்டத்தின் குரல் இறங்கிவிடுகிறது.

மானியம், உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் கொடுப்பதற்காக அரசு உங்கள் தகவலைப் பயன்படுத்தினால், தனியாக ஒப்புதல் கேட்கத் தேவையில்லை என்கிறது பிரிவு 7. ஒரு திட்டத்துக்கு நீங்கள் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தாலோ, மத்திய அரசு அறிவித்த அரசுப் பதிவேடு ஒன்றில் தகவல் இருந்தாலோ போதும்.

தகவலைத் திருத்தும் உரிமையைத் தருகிறது பிரிவு 12. ஆனால் அதன் வாசகம், நீங்கள் ஒப்புதல் கொடுத்த தகவலைப் பற்றித்தான் பேசுகிறது. ஒப்புதலே தேவையில்லை என்று எடுக்கப்பட்ட தகவலில் தப்பு இருந்தால், இந்தப் பிரிவைக் காட்டித் திருத்தக் கேட்பது கடினம். கூட்டுப் பட்டா, பழைய ஆர்.சி. போன்ற சிக்கல்கள் வருவது சரியாக இந்த இடத்தில்தான். அரசு நலத்திட்டங்களுக்கான தகவல் சரியாக இருக்க முயற்சி எடுக்க வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதிகளில் தரநிலைகள் உண்டு. அது நடைமுறையில் எவ்வளவு பலம் தரும் என்பது இனிமேல்தான் தெரியும்.

பிரிவு 17 இன்னும் ஒரு படி மேலே. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுக்கலாம்.

அபராதம் விதித்தாலும் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இன்னொரு விஷயம்: இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜெ)-யையும் மாற்றிவிட்டது. "தனிநபர் தகவல்" என்ற காரணம் சொல்லிப் பயனாளிகள் பட்டியலைக்கூட மறுக்க இனி வழி இருக்கிறது என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். அரசு மக்களைப் பார்ப்பது எளிதாகிறது, மக்கள் அரசைப் பார்ப்பது கடினமாகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

போனை ஒட்டுக்கேட்டால் ஒரு நியாயம்...

அரசுக் கண்காணிப்பு என்றதும் நமக்குத் தோன்றுவது போன் ஒட்டுக்கேட்பு. அதில் நீதிமன்றங்கள் கறாராகவே இருந்திருக்கின்றன. ஒரு தனியார் நிறுவன நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011-ல் மத்திய உள்துறை கொடுத்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக அந்த அதிகாரத்தை நீட்ட முடியாது என்றார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததும் தவறு என்றார்.

அதாவது, ஒருவரின் போனைக் கேட்க உள்துறைச் செயலர் அளவிலான உத்தரவு வேண்டும், காரணம் வேண்டும், மறுஆய்வு வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளின் மீட்டர், பட்டா, ஆர்.சி., ரேஷன் விவரங்களைக் கோர்ப்பதற்கு இப்படி ஒரு வெளி மறுஆய்வுக் குழு கிடையாது.

சஞ்சார் சாத்தி விவகாரம் இன்னொரு பாடம். புதிதாக விற்கும் எல்லா ஸ்மார்ட்போன்களிலும் இந்த ஆப்பை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று போன் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. திருட்டு போனைத் தடுக்கவும் மோசடியைக் குறைக்கவும்தான் என்றது அரசு. அரசு எங்கள் போனுக்குள் வரலாமா என்று நாடு முழுக்க எதிர்ப்பு. டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை அரசு வாபஸ் வாங்கியது. ஐந்தே நாள்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களின் கோபம் ஐந்து நாளில் டெல்லிக்குக் கேட்டது. ரேஷன் கடையில் விரல் வைப்பவரின் கேள்விக்கு ஹேஷ்டேக் கிடையாது. இரண்டும் ஒரே உரிமையைப் பற்றியவைதான்.

"மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு?"

அந்தரங்கம் பற்றிப் பேசினால் உடனே வரும் பதில் இது. தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது இதன் அர்த்தம். பழமொழி நல்லதுதான். ஆனால் அதில் கனம் இருக்கிறதா என்று மடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே கனம் இருப்பது கணினியில். உங்கள் பெயரில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. கூட்டுப் பட்டா வைத்திருப்பவரின் மடியில் ஒன்றுமில்லை. இருந்தும் வழியில் நிறுத்தப்படுகிறார்.

திட்டத்தின் பெயரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அரசு இதை உதவித்தொகை என்று சொல்லவில்லை, உரிமைத் தொகை என்கிறது. உதவியை மறுத்தால் காரணம் கேட்க முடியாது. உரிமையை மறுத்தால், எந்தத் துறையின் எந்தப் பதிவை வைத்து மறுத்தீர்கள் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வேலைக்காக சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

* அம்மாவின் ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய நம்பர் என்றால் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். மற்ற எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது.

* ஆதார் இணையதளத்தில் கடந்த ஆறு மாதங்களில் அந்த ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். தெரியாத பதிவு இருந்தால் 1947-க்கு அழைக்கலாம்.

* அதே தளத்திலோ எம்-ஆதார் ஆப்பிலோ விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் நாளில் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே விரல் வைத்தாலும் வேலை செய்யாது. வீட்டில் இதைச் செய்துகொடுக்க ஆள் இல்லை என்றால், பூட்டாமல் பட்டியலை மட்டும் அவ்வப்போது பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

* ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் முழு ஆதாரை அனுப்பாதீர்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையே டவுன்லோடு செய்யலாம். 16 இலக்க மெய்நிகர் எண்ணும் எடுக்கலாம்.

* ரேஷன் அட்டையில் தனிக்குடித்தனம் போனவர்களின் பெயரை நீக்குங்கள். விற்ற வண்டியின் ஆர்.சி.யை மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். இனி பல திட்டங்களின் தகுதி இந்தப் பதிவுகளை வைத்துத்தான் முடிவாகும்.

* விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். எந்த ஆவணத்தின் அடிப்படையில் நிராகரிப்பு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்களைப் பற்றிய தகவலை நீங்களே கேட்பதற்கு, சட்டத் திருத்தத்தைக் காரணம் காட்டக் கூடாது என்று வாதிடலாம்.

* ஓ.டி.பி. கேட்டு யார் அழைத்தாலும், கலெக்டர் ஆபீஸ் என்று சொன்னாலும், போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. அரசு செய்ய வேண்டியவையும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நிராகரிக்கும் முன்பே நோட்டீஸ் கொடுப்பது, எந்தெந்தத் துறைகளின் தகவல் கோர்க்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்வது, தப்பான பதிவைத் திருத்த ஊராட்சி அளவிலேயே ஒரு இடம் வைப்பது, திட்டம் முடிந்த பிறகு எந்தத் தகவலை எத்தனை வருடம் வைத்திருப்போம் என்று எழுதி வைப்பது. 2027 மே மாதத்துக்கு முன்னால் தமிழ்நாடு அரசு இவற்றைத் தன் சொந்த விதிகளாகவே கொண்டுவர முடியும். மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.